ரெகுலேட்டர் வாங்கப் போறீங்களா? முதல்ல இதைக் கேளுங்க

ஓப்பன் வாட்டர் சர்டிஃபிகேட் கைக்கு வந்த மறுவாரமே நம்ம ஆட்கள் தொடங்குற வேலை ஷாப்பிங். முழு செட் எடுத்தா ஒரு லட்சம் சுலபமா தாண்டிடும். கடையில என்ன சொல்வாங்க? "பின்னாடி பெரிய டைவ் எல்லாம் போவீங்க, இப்பவே நல்லதா எடுத்துடுங்க." அந்தப் 'பின்னாடி' எங்கே, எத்தனை மீட்டர் ஆழத்துலன்னு யாரும் கேட்கறதில்லை.

என் கணக்கு இதுதான். சில சாமான்களுக்கு இன்றைய உடம்பு போதும், சிலதுக்கு மட்டும் நாளைய டைவைப் பார்க்கணும்.

மாஸ்க்குக்கு எதிர்காலமே கிடையாது. பட்டையை மாட்டாமல் முகத்தில் வெச்சு மூக்கால லேசா இழுங்க. கையை எடுத்தாலும் விழாம ஒட்டி நின்னா அது உங்க மாஸ்க். விலை அப்புறம்.

ரெகுலேட்டர் அப்படி இல்லை. உங்க மூச்சு அதை நம்பித்தான் இருக்கு. ஓப்பன் வாட்டர் எல்லை 18 மீட்டர், அட்வான்ஸ்டு முடிச்சா 30. 30 மீட்டரில் அழுத்தம் 4 பார், அதாவது நீங்க இழுக்கிற காற்று மேலே இருப்பதைவிட நான்கு மடங்கு அடர்த்தி. விலை குறைந்த 'அன்பேலன்ஸ்டு' ஃபர்ஸ்ட் ஸ்டேஜில், டேங்க் காலியாகக் காலியாக மூச்சு இழுப்பது கனமாகும். ஆழத்துல, பதற்றத்துல, காற்று குறைவா இருக்கிற நேரத்துல அது கனமானா எப்படி இருக்கும்னு யோசிங்க. அட்வான்ஸ்டு போற எண்ணம் இருந்தா, காசை மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை. 'பேலன்ஸ்டு' எடுங்க.

அடுத்தது டேங்கில் மாட்டும் முறை. யோக் என்பது வால்வின் மேல் கவ்விப் பிடிக்கும் வகை. டின் என்பது வால்வுக்குள் திருகும் வகை. அந்தமான், தாய்லாந்து, மாலத்தீவு பக்கம் பெரும்பாலும் யோக். ஐரோப்பாவில் டின் அதிகம். டின் ரெகுலேட்டரில் ஒரு அடாப்டர் மாட்டினா யோக் டேங்கிலும் ஓடும். திருப்பிச் செய்வது அவ்வளவு எளிதில்லை, 300 பார் டின் வால்வில் யோக் உட்காரவே உட்காராது. அதனால வெளிநாட்டில் டைவ் பண்ற ஆசை நிஜமாவே இருக்குன்னா, டின் பிளஸ் அடாப்டர்.

எல்லாத்துக்கும் மேல, சர்வீஸ். ரெகுலேட்டரைத் தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியில் பிரிச்சு, ஓ-ரிங் எல்லாம் மாத்தணும். வெளிநாட்டில் ஆஃபர்ல கிடைச்ச பிராண்டுக்கு இங்கே உதிரிபாகம் கிடைக்கலைன்னா, அது அலமாரியில் இருக்கிற பளபள உலோகம்தான். கடையில் விலை கேட்கும் முன்னாடி, "இதை யார் சர்வீஸ் பண்ணுவாங்க, எந்த ஊர்ல?"ன்னு கேளுங்க. பதில் இழுத்தால் நகர்ந்துடுங்க.

டைவ் கம்ப்யூட்டரில் நைட்ராக்ஸ் மோடு இருக்கா, பேட்டரியை நாமே மாத்தலாமா, இந்த ரெண்டும் போதும். திரையின் கலரெல்லாம் ஆசைக்கு.

பி.சி.டி.யில் பேக்பிளேட்-விங் பக்கம் நிறைய பேருக்கு ஆசை. நல்ல சாமான்தான், பின்னாடி ரெட்டை டேங்குக்குப் போனாலும் விங்கை மட்டும் மாத்தினா போதும். ஆனா ஸ்டீல் பிளேட்டே சுமார் 3 கிலோ. போர்ட் பிளேர் ஃபிளைட்டுல 15 கிலோ லக்கேஜ்தான்னா, மீதி என்ன எடுத்துட்டுப் போவீங்க? அடிக்கடி பறக்கிறவங்க அலுமினியம் பாருங்க, இல்லைன்னா கொஞ்ச நாள் வாடகைக்கே ஓட்டுங்க.

வெட்சூட்? அந்தமான் தண்ணிக்கு 3 மில்லிமீட்டர் போதும். ஐஸ்லாந்து சில்ஃப்ராவில் தண்ணி 2-லிருந்து 4 டிகிரிதான். அங்கே டிரை சூட் வேணும், குளிர்த் தண்ணிக்கான ரெகுலேட்டரும் வேணும், ரெண்டுமே அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். வாழ்க்கையில் ஒரு தடவை போற இடத்துக்காக இங்கே பணத்தை முடக்காதீங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமான்னு கேட்டிருந்தீங்க. ஃபின்ஸ் தாராளமா வாங்கலாம். ரெகுலேட்டர்னா, சர்வீஸ் செலவையும் விலையோட கூட்டிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.