கண்ணு எழுதினது யாரு?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

ஃபேஷன், அழகு, கலை, பயணம்னு இந்த நாலைப் பத்தியும் தனித்தனியா நிறைய பேசியிருக்கோம். இன்னைக்கு நாலையும் ஒரே ஊர்ல வெச்சுப் பேசப் போறேன். ஜெய்ப்பூரா, உதய்ப்பூரான்னு யோசிக்காதீங்க. விருத்தாசலம். என் சொந்த ஊர்.

கேக்குறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. வீட்டுல ஒரு பீங்கான் கப் இருந்தா எடுத்துத் திருப்பிப் பாருங்க. அடியில என்ன எழுதியிருக்கு? பெரும்பாலும் ஒரு பிராண்ட் பேரு, 'மைக்ரோவேவ் சேஃப்', எந்த நாட்டுல செஞ்சதுன்னு ஒரு வரி. செஞ்ச ஆளோட பேரு இருக்கா? அதைப் பத்திதான் இன்னைக்குப் பேச்சு.

முதல்ல ஊர். எழும்பூர்ல ரயில் ஏறினா, திருச்சி போற கார்டு லைன்ல விழுப்புரத்துக்கு அடுத்து வர்ற பெரிய ஜங்ஷன். மூணு, மூணரை மணி நேரம். பழைய பேரு திருமுதுகுன்றம், பழமலை. அதையே வடமொழியில விருத்தகிரி, விருத்தாசலம்னு ஆக்கிட்டாங்க. புதுமைப்பித்தனோட இயற்பெயர் விருத்தாசலம்னு படிச்சிருப்பீங்க. இமையம், கண்மணி குணசேகரன் ரெண்டு பேரும் இந்தப் பக்கத்துக்காரங்கதான். ஆனா ஊருக்குள்ள வந்து கேட்டா, "செராமிக் ஊரும்மா இது"ன்னுதான் சொல்வாங்க.

அதுக்குக் காரணம் மண்ணுதான். பக்கத்துல நெய்வேலி. அங்க பழுப்பு நிலக்கரிக்கு மேல இருக்கிற மண் அடுக்குகள்ல பீங்கானுக்கு ஏத்த களிமண் கிடைக்குது. அதனாலதான் இங்க செராமிக் தொழிற்பேட்டை வந்தது, செராமிக்குக்குன்னே டிப்ளமோ சொல்லித் தர்ற அரசு கல்வி நிறுவனமும் வந்தது. உங்க தாத்தா வீட்டு மீட்டர் பாக்ஸ்ல வெள்ளையா ஒரு பீங்கான் கட்டை இருக்குமே, கரண்ட் போனா பிடுங்கிக் கம்பி சுத்துவோமே, அந்த ஃபியூஸ் கட்டை இங்க செய்யற பொருள். அகல் விளக்கு, டீ கப், அலமாரியில நிக்கிற பொம்மை எல்லாமே செய்வாங்க. பீங்கான்ங்கிற சொல்லு பாரசீகத்துல இருந்து வந்ததுன்னு அகராதி சொல்லுது. மலாய்க்காரங்க இன்னைக்கும் தட்டை 'பிங்கான்'னுதான் சொல்றாங்க. சொல்லு மட்டுமில்ல, பொருளும் கடல் தாண்டி வந்திருக்கு. எங்க ஊருக்குத் தெற்கே கங்கைகொண்ட சோழபுரத்துல தோண்டினப்போ சீனப் பீங்கான் துண்டுகள் கிடைச்சிருக்கு. அதாவது இறக்குமதிக் கோப்பை மேல நமக்கு இருக்கிற ஆசைக்கு ஆயிரம் வயசு!

சரி, ஒரு பொம்மை எப்படி உருவாகுதுன்னு பாப்போம். களிமண்ணைத் தண்ணியும் சேர்க்க வேண்டியதும் சேர்த்துக் கூழா கரைப்பாங்க. தோசை மாவு பதம்னு வெச்சுக்கங்க. அதை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மோல்டுக்குள்ள ஊத்துவாங்க. மோல்டு தண்ணியை உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச, உள்சுவர்ல மண்ணு ஒரு படலமா ஒட்டும். தேவையான கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துடுவாங்க. அதனாலதான் பொம்மைக்குள்ள காலியா இருக்கு. அப்புறம் மோல்டைப் பிரிச்சு எடுத்து, ரெண்டு பாதி சேர்ந்த இடத்துல நிக்கிற கோட்டைச் சுரண்டி, ஈரத் துணியால துடைச்சு, காயவெச்சு, சூளையில வைப்பாங்க. காயும்போதும் சுடும்போதும் மண்ணு சுருங்கும். எவ்வளவு சுருங்கும்னு கணக்குப் போட்டு மோல்டையே பெருசா செஞ்சிருக்கணும். ஸ்டோன்வேர் பாத்திரம்னா 1,200 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடு போகும்.

கடைசியில பொம்மைக்கு முகம் எழுதற வேலை. எங்க பெரியம்மா செய்யற வேலை இதுதான். இருபது வருஷமா கண்ணு எழுதுறாங்க. முந்நூறு பொம்மை வரிசையா நிக்கும், எல்லாம் குருடா. பெரியம்மா மெல்லிசு பிரஷ் எடுத்து முதல்ல எல்லாத்துக்கும் இடது கண்ணு, அப்புறம் எல்லாத்துக்கும் வலது கண்ணுன்னு போவாங்க. ஏன் ஒரே பொம்மையை முழுசா முடிக்கலன்னு கேட்டேன். "கை ஒரே வளைவுக்குப் பழகிடும்டி. மாத்தி மாத்திப் போட்டா ஒண்ணு மாதிரி ஒண்ணு வராது"ன்னாங்க. இன்னொண்ணும் சொன்னாங்க: "மூக்கு கோணினா சிரிப்பு வரும். கண்ணு கோணினா பயம் வரும்." அழகைப் பத்தி நான் கேட்ட பாடத்துல எல்லாம் இதைவிடத் தெளிவானது இல்ல. இந்த வேலைக்குக் கூலி பீஸ் ரேட். இத்தனை பொம்மைக்கு இவ்வளவுன்னு கணக்கு.

இப்போ ஃபேஷன் பக்கம் வருவோம். சென்னையில ஒரு கடை. பேரு வேண்டாம். மரத் தட்டு, மஞ்சள் வெளிச்சம், மெதுவா ஒரு வீணை. அங்க ஒரு பீங்கான் பொம்மையைப் பாத்தேன். அந்தக் கண்ணு எனக்குத் தெரிஞ்ச கண்ணு. வளைவு முடியற இடத்துல ஒரு சின்ன வால் இருக்கும், அது எங்க பெரியம்மா கை. அதுல தொங்கின அட்டையில 'ஹேண்ட்கிராஃப்டட்'னு போட்டு, கீழ ஒரு டிசைனர் பேரு. விலை, பெரியம்மா வாங்கற கூலிக்குப் பல மடங்கு. கடை வாடகை, ஏசி, போற வழியில உடையற சரக்கு எல்லாம் விலையில இருக்கும், அது எனக்குப் புரியுது. என்னை உறுத்தினது 'ஹேண்ட்'ங்கிற வார்த்தை. கையால செஞ்சதுன்னு சொல்லித்தான் விக்கிறாங்க, ஆனா யார் கைன்னு சொல்ல மாட்டாங்க.

ஸ்டுடியோ பாட்டரியில இது வேற மாதிரி. பாண்டிச்சேரியில ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971ல கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி ஆரம்பிச்சாங்க. அங்க கத்துக்கிட்டு இந்தியா முழுக்கப் போனவங்க நிறைய. அந்த உலகத்துல ஒரு கோப்பைக்கு அடியில செஞ்சவங்க முத்திரை இருக்கும். அந்த முத்திரையைப் பாத்துத்தான் நாமளும் விலை கொடுக்கறோம். பாண்டிச்சேரியும் விருத்தாசலமும் ஒண்ணும் தூரம் இல்ல. ரெண்டு இடத்துலயும் மண்ணு, நெருப்பு, கை. ஒரு இடத்துல கலைஞர், இன்னொரு இடத்துல தொழிலாளி.

"மோல்டுல ஊத்தறது கலையா?"ன்னு கேக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா கண்ணு மோல்டுல வராதே!

இந்தப் பேரு விஷயம் எங்க ஊருக்குப் புதுசு இல்லைன்னு கோயிலுக்குப் போனாத்தான் தெரியும். விருத்தகிரீஸ்வரர் கோயிலைப் பத்தாம் நூற்றாண்டுல கல்லால எழுப்பினவங்க செம்பியன் மாதேவி. கண்டராதித்த சோழனோட மனைவி, உத்தம சோழனோட அம்மா. அவங்க பேரு கல்வெட்டுல இருக்கு. வாஷிங்டன் ஃப்ரீயர் கேலரியில ஒரு சோழர் செப்புச் சிலை நிக்குது. பார்வதி வடிவத்துல இருக்கிற செம்பியன் மாதேவின்னு பல ஆய்வாளர்கள் கருதற சிலை. அந்த இடுப்பு வளைவும் நகையும் பாத்தா, இன்னைக்கும் ஃபேஷன் பத்திரிகை அட்டையில போடலாம். கோயில் கட்டினவங்க பேரு நமக்குத் தெரியுது. அந்தச் சிலையை வார்த்தது யாரு? கல்லைச் செதுக்கினது யாரு? கல்வெட்டுகள் பெரும்பாலும் கொடுத்தவங்களைப் பத்தித்தான் பேசும்.

எங்க கோயில் கோபுர வாசலுக்குள்ள நடனக் கரணச் சிற்பங்கள் இருக்கு. ஒரு கால் மடக்கி, இடுப்பு திருப்பி நிக்கிற பெண்கள். இதே மாதிரி சிதம்பரத்துலயும் இருக்கு. அந்தச் சிதம்பரத்துல, கிருஷ்ணதேவராயர் காலத்து வடக்குக் கோபுரத்துல ஒரு அதிசயம். கோபுர வேலை பாத்த நாலு ஸ்தபதிகளை அங்கயே சிலையா செஞ்சு, பேரும் வெட்டி வெச்சிருக்காங்க. அதுல ஒரு அப்பாவும் மகனும் விருத்தகிரிக்காரங்க. மகன் பேரு விசுவமுத்து.

இதை முதல்முறை படிச்சப்போ லேப்டாப்பை மூடி வெச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி, ராஜா காலத்துலயே, எங்க ஊர்த் தொழிலாளிக்குப் பேரு போட இடம் இருந்திருக்கு. ஒரு சின்ன அட்டையில மட்டும் எப்படி இடம் இல்லாம போகும்?

இதுக்கு எதிர்ப்பக்கம் ஒரு நல்ல வாதம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். ஜப்பான்ல யானகி சோயெட்சுன்னு ஒரு சிந்தனையாளர். 1920கள்ல 'மிங்கெய்'ங்கிற இயக்கத்தை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். பேர் தெரியாத சாதாரண கைவினைஞர் தினசரி உபயோகத்துக்குச் செய்யற பொருள்லதான் உண்மையான அழகு இருக்குங்கிறது அவர் கருத்து. அவரோட நண்பர், குயவர் ஹமதா ஷோஜி, தன் பானைகள்ல கையெழுத்துப் போடறதை விட்டுட்டார். கேக்க ரொம்ப அழகா இருக்கு. ஆனா அதே ஹமதாவை 1955ல ஜப்பான் அரசு 'வாழும் தேசியப் பொக்கிஷம்'னு அறிவிச்சது. உலகத்துக்கே அவர் பேரு தெரியும். கையெழுத்து வேண்டாம்னு சொன்னது அவர் முடிவு. எங்க பெரியம்மாகிட்ட அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதே இல்லையே.

என் தோழி ஒருத்தி பெங்களூர்ல இன்ஸ்டாகிராம்ல கம்மல் விக்கிறா. பீங்கான் கம்மல், அதுல குட்டிக் குட்டிக் கண்ணு. கண்ணு எழுத ஆள் வேணும்னு கேட்டா. பெரியம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன். கம்மல் அட்டையில உங்க பேரைப் போடலாமான்னு தோழி கேட்டா. பெரியம்மா பிரஷ்ஷைக் கழுவிக்கிட்டே, "பேரு போட்டா ஜோடிக்கு எத்தனை ரூபா கூடும்?"னு கேட்டாங்க.

(சிரிப்பு) தோழி முகத்தைப் பாத்திருக்கணும் நீங்க.

அந்தக் கேள்விதான் என்னை யோசிக்க வெச்சது. நான் எழுதற சாஃப்ட்வேர்லயும் என் பேரு இல்ல. ஆப்பைத் திறந்தா கம்பெனி லோகோதான் வரும். அதுல எனக்கு வருத்தமே இல்லையே, ஏன்? மாசம் பொறந்தா சம்பளம் வருது, அது ஒரு காரணம். இன்னொண்ணு, உள்ள கிட் இருக்கு. நான் தொட்ட ஒவ்வொரு வரியிலயும் என் பேரு, தேதி, நேரம் பதிவாகும். தப்புன்னா 'கிட் பிளேம்' போட்டு என்னைப் பிடிப்பாங்க. சரியா இருந்தா, அடுத்த இன்டர்வியூல "இதைக் கட்டினது நான்"னு சொல்லி சம்பளம் கூடக் கேப்பேன். இருபது வருஷத்துல பெரியம்மா எழுதின கண்ணு எத்தனை ஆயிரம் இருக்கும்! அதுல ஒண்ணைக்கூட "இது என்னுது"ன்னு காட்ட அவங்ககிட்ட அத்தாட்சி கிடையாது. பேருங்கிறது அவங்களுக்கு வெறும் புகழ் இல்ல, அதுதான் வேலைச் சான்று. கூலி பேச அது வேணும்.

பெரியம்மா இன்னொரு சிக்கலையும் சொன்னாங்க. "என் பேரு மட்டும் போட்டா, பக்கத்துல உக்காந்து அடிக்கலர் போடறவ என்ன நினைப்பா? சூளை வெக்கிறவரு என்ன நினைப்பாரு?" சரிதானே? ஒரு பொருள்ல பல கை இருக்கு. அதுக்கு நம்மகிட்டயே வழி இருக்கு. சினிமா டைட்டில் கார்டு. ஒப்பனை, சண்டைப் பயிற்சின்னு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பேரு வருதே. கடைசியில தோழி அட்டைக்குப் பின்னாடி நாலு வரி அச்சடிச்சா: மோல்டு, அடிக்கலர், கண், சூளை. ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ஒரு பேரு, கீழ விருத்தாசலம். ஜோடிக்கான கூலியையும் முன்னாடியே பேசிக் கூட்டினாங்க. கம்மல் விலை கொஞ்சம் ஏறுச்சு. சில பேர் வாங்காமப் போனாங்க, சில பேர் அட்டையையே போட்டோ எடுத்து ஸ்டோரி போட்டாங்க.

பெரியம்மா பத்து அட்டை கேட்டு வாங்கி வெச்சுக்கிட்டாங்க. கொலு சீசனுக்கு முன்னாடி இன்னொரு யூனிட்டுல அதைக் காட்டி ரேட் பேசியிருக்காங்க. ரேட் ஏத்தல. ஆனா கூலி அதிகமான பெரிய பொம்மைகளை இவங்க கைக்குக் கொடுத்திருக்காங்க. இப்போதைக்கு அவ்வளவுதான் நடந்திருக்கு.

ஊருக்கு வர ஆசை இருக்கிறவங்களுக்குக் கொஞ்சம் டிப்ஸ். காலையில கோயிலுக்குப் போயிடுங்க, மதியம் நடை சாத்திடுவாங்க. கரணச் சிற்பங்களைக் கோபுரத்தைத் தாண்டறப்பவே நின்னு பாருங்க. மாசி மகத்துக்கு வந்தா கூட்டத்துக்குத் தயாரா வாங்க. பீங்கான் வாங்கும்போது பொருளைத் திருப்பி, மோல்டு கோடு சுத்தமா சுரண்டியிருக்கா, கிளேஸ்ல ஊசி ஓட்டை இருக்கான்னு பாருங்க. சுட்டதுக்கு அப்புறம் மேல பெயிண்ட் அடிச்ச பொருள் அலங்காரத்துக்கு மட்டும்தான், அதுல டீ குடிக்காதீங்க. அப்படியே சிதம்பரத்துக்குப் பஸ் ஏறி, வடக்குக் கோபுரத்துல விசுவமுத்துவைத் தேடிப் பாருங்க.

கடைசியா ஒண்ணு. அடுத்த தடவை 'கையால செஞ்சது'ன்னு எதையாவது வாங்கும்போது, கடைக்காரர்கிட்ட மரியாதையா, சண்டை போடாம, "யார் செஞ்சாங்க?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. பதில் வந்தா அந்தப் பேரை எனக்கு வாய்ஸ் நோட்ல அனுப்புங்க, அவங்க சம்மதிச்சா அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். பதில் வரலன்னாலும் பரவாயில்ல. பத்து பேர் கேட்டா, பதினோராவது ஆளுக்கு முன்னாடி அவங்களே விசாரிச்சு வெச்சிருப்பாங்க.

சரி மக்களே, பாப்போம்.