கலரும் குழந்தைகளின் பல்லும்



மணமேல்குடிக் கரையோரம் தென்னந்தோப்புக்குக் குறைவில்லை. 2018 நவம்பரில் கஜா புயலில் சாய்ந்தது போக, தப்பிய மரங்கள் காய்க்கத்தான் செய்கின்றன. ஆனாலும் வீட்டுக்கு விருந்தாளி வந்தா, "கடையில கலர் வாங்கிட்டு வாடா"ன்னுதான் பையனை அனுப்புறோம்.

மண் பரிசோதனையில் கார அமில நிலை என்று ஓர் எண் தருவோம் அல்லவா? 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம். ஓர் எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடும். வாயில் அந்த எண் சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேல்பூச்சான எனாமல் கரையத் தொடங்கும். கோலா பானங்களுக்கு அது ஏறக்குறைய 2.5. கணக்குப் போட்டுப் பாருங்க, ஆயிரம் மடங்கு! சர்க்கரை சேர்க்காத 'டயட்' வகையிலும் இந்த அமிலம் உண்டு.

அதோடு, 200 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்து தேக்கரண்டி. பல்லில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று மேலும் அமிலத்தைக் கக்குகின்றன.

அமில நிலத்துக்குச் சுண்ணாம்பு இடுவதுபோல, வாயில் அந்த வேலையை உமிழ்நீர் செய்கிறது. ஆனால் அதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேண்டும். பிள்ளைகள் ஒரு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு மத்தியானம் பூராவும் மடக்கு மடக்கா குடிக்குதுங்க. உமிழ்நீர் சரிசெய்வதற்குள் அடுத்த மடக்கு. ஒரே மூச்சில் குடித்து முடிப்பதைவிட இதுதான் பல்லுக்குப் பெருங்கேடு. ராத்திரி உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால், படுக்கப் போகும்போது கொடுப்பது இன்னும் மோசம்.

2017 மார்ச் முதல் வெளிநாட்டுக் கோலாக்களை விற்பதில்லை என்று தமிழக வணிகர் சங்கங்கள் அறிவித்தன. நிலத்தடி நீரைக் காக்கவும் உள்ளூர்ப் பானங்களை ஆதரிக்கவும் எழுந்த பேச்சு அது. பல்லுக்கு ஊர்ப் பேதம் தெரியாது. நம்மூர் கலரிலும் சர்க்கரைதான். பதநீரிலும் பத்தில் ஒரு பங்கு சர்க்கரை இருக்கு. பனைக்காரர்கள் கோபிக்க வேண்டாம். இளநீரில் அதில் ஏறக்குறைய பாதிதான், அமிலமும் மிகக் குறைவு.

கலர் குடித்தே ஆகணும்னா சாப்பாட்டோடு குடித்து முடித்துவிட்டு, நல்ல தண்ணீரில் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்க. உடனே பல் துலக்க வேண்டாம். இளகிய எனாமல் தேயும். அரை மணி கழித்துத் துலக்கலாம்.

தாய்மார்கள் மாதம் ஒரு தடவை பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறோரம் சுண்ணாம்பு தடவினாப்போல வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது சொத்தையின் ஆரம்பம். அந்த நிலையில் பல்லைக் காப்பாற்றிவிடலாம். 2023-இல் புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறார்கள். குழி விழும்வரை காத்திராமல் கூட்டிக்கொண்டு போங்கள்.