சிறு விமானமும் பெருங்காற்றும்

பெரியதொன்றைச் சிறியதாக்கிச் செய்து பார்ப்பதில் மனிதனுக்கு என்றும் ஓர் ஆசை உண்டு. கோயில் தேரைக் கண்ட சிறுவன் வீட்டுத் திண்ணையில் ஈர்க்கினால் தேர் கட்டுகின்றான். கடற்கரைப் பிள்ளை தென்னம்பாளையில் தோணி விடுகின்றான். தேரும் தோணியும் சிறுத்துப் போவதால் பெருந்தீங்கு எதுவும் நேர்ந்துவிடுவதில்லை. விமானமோ அத்தகையதன்று. விமானத்தைச் சிறிதாக்கலாம், அது பறக்க வேண்டிய காற்றைச் சிறிதாக்குதல் எவராலும் இயலாது. வானொலி அலைகளால் இயக்கப்படும் மாதிரி விமானம் செய்வோர் அனைவரையும் மறித்து நிற்கும் இடர் இதுவே. காற்றுக்குப் பேர்போன கற்பிட்டித் தீபகற்பத்திலே, எத்தாளையிலே, ஒரு மாணவன் இம்முயற்சியில் இறங்குவானாயின் அவனுக்கு இவ்விடர் இருமடங்காகும்.

அவன் தெரிந்துகொள்ளத் தக்க விமானம் ஒன்று உண்டு. அது போலந்து நாட்டில் 1931இல் முதன்முதற் பறந்த ஆர்.டபிள்யூ.டி.–5 என்பது. ரோகால்ஸ்கி, விகூரா, ட்ஷெவியெத்ஸ்கி என்னும் மூவரின் பெயர்களின் முதலெழுத்துகளே அவ்விமானத்தின் பெயராயின. அம்மூவரும் வார்சோப் பொறியியற் கல்லூரியில் மாணவராயிருந்த காலத்திலேயே விமானம் வரையத் தொடங்கியவர்கள்; மாணவர் பட்டறையிலேயே அவர்களின் முதல் விமானங்கள் உருப்பெற்றன. பெருஞ்செல்வரின் ஆலையிலன்றி மாணவர் கையில் முளைத்த மரபு அது என்பதை ஆசிரியர்கள் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று. அவருள் விகூரா நெடுங்காலம் வாழவில்லை. 1932 செப்டம்பரில் புயலில் அகப்பட்ட விமானம் நொறுங்கி, விமானி ஷ்விர்கோவுடன் அவரும் மாண்டார். பேர்லினில் முடிவுற்ற ஐரோப்பியப் போட்டியில் அவ்விருவரும் வெற்றி வாகை சூடி இரண்டு கிழமைகளே கடந்திருந்தன.

அடுத்த ஆண்டு ஸ்தானிஸ்லாவ் ஸ்கர்ஷின்ஸ்கி என்னும் விமானி இவ்விமானத்தின் ஒற்றை இருக்கை வடிவமொன்றில் தென் அத்திலாந்திக் பெருங்கடலைத் தனியே கடந்தார். 1933 மே 7ஆம் திகதி இரவு ஆபிரிக்கக் கரையிலுள்ள சென் லூயி நகரிலிருந்து எழுந்து, மறுநாள் மாலை பிரேசிலின் மசெயோவில் இறங்கினார். கடந்த தூரம் 3,582 கிலோமீற்றர். சென்ற நேரம் இருபது மணிக்கும் சற்று மேல். விமானத்தின் வெற்று எடையோ 450 கிலோவுக்கு உட்பட்டது. இரண்டாம் இருக்கை இருந்த இடத்தில் எரிபொருள் தொட்டி அமர்ந்தது. எடைக்கு அஞ்சி வானொலிக் கருவியும் உயிர்காப்புச் சாதனங்களும் கரையிலேயே விடப்பட்டன. அன்று வானொலியின்றிப் பெருங்கடல் தாண்டிய விமானம், இன்று சிற்றுருவில் வானொலியின்றி ஒரு கணமும் வானில் நிற்கமாட்டாது என்பது வேடிக்கையே. ஸ்கர்ஷின்ஸ்கியின் முடிவும் கடலிலேயே வந்தது. 1942 ஜூனில் ஜெர்மனியின் பிரேமன் நகர்மீது குண்டு வீசித் திரும்பும் வழியில் அவர் வட கடலில் மாண்டார்.

இனிக் கணக்கிற்கு வருவோர் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். இவ்விமானத்தின் சிறகு விரிவு ஏறத்தாழ 10.2 மீற்றர். ஒன்பதில் ஒன்றாகக் குறைத்தால் 113 சென்ரிமீற்றர். பள்ளி மேசையொன்றில் கிடத்தத்தக்க அளவு. நீளம் ஒன்பதில் ஒன்றாகும்போது சிறகின் பரப்பு எண்பத்தொன்றில் ஒன்றாகின்றது. கனவளவோ 729இல் ஒன்றாகின்றது. ஆகவே 450 கிலோ எடை 617 கிராமாகச் சுருங்க வேண்டும். எடையும் பரப்பும் இவ்விகிதத்தில் அமையுமாயின், பறக்கும் வேகம் ஒன்பதின் வர்க்கமூலமாகிய மூன்றால் வகுபடும். பெரிய விமானம் மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தில் செல்லுமிடத்துச் சிறியது 50இல் செல்லும். பார்ப்பவர் கண்ணுக்கும் அது மெய்யான விமானம் போன்றே தோன்றும். எடை சற்று மிகுந்தாலும் பறக்கும்; ஆயின் விரைந்து பறந்தாலன்றி வானில் நில்லாது. அப்போது அது விமானமாகத் தோன்றாமல், துரத்தப்பட்ட வண்டு போலத் தோன்றும்.

இத்துடன் முடிந்ததா எனின், இல்லை. சிறகின் அகலமும் வேகமும் ஒருங்கே குறைவதால், காற்றின் பிசுக்குத் தன்மை சிறு சிறகை 27 மடங்கு மிகுதியாகத் தாக்குகின்றது. பெரிய சிறகுக்கு நீர் போன்றிருக்கும் காற்று சிறிய சிறகுக்குப் பாகு போன்றது எனலாம். அதனால் மாதிரியின் சிறகு தன் தூக்குவிசையை முந்தியே இழந்துவிடும். அதிலும் நுனிகள் முந்தி இழந்தால் விமானம் ஒருபுறம் சாய்ந்து சுழன்று விழும். நுனியின் பின்விளிம்பை ஓரிரு பாகை மேல்நோக்கி முறுக்கி வைத்தல் இதற்கு மருந்து. மூல விமானத்தில் இல்லாத முறுக்காயினும் கண்ணுக்குப் புலனாகாத சிறு பொய் அது, பொறுக்கலாம். வாலைப் பெரிதாக்கி உறுதி தேடுவோரும் உளர். அது வடிவையே மாற்றிவிடும். ஒல்லியான அவ்வழகிய வாலைக் கெடுத்துவிட்டு அதே பெயரை எழுதி ஒட்டுவது நேர்மையாகாது.

617 கிராமுக்குள் இயந்திரம், மின்கலம், வாங்கி, சேர்வோ என்னும் சிறு இயக்கிகள் யாவும் அடங்க வேண்டுமெனின், உடலுக்கு எஞ்சுவது மிகச் சிலவே. அதற்கு உகந்தது தென் அமெரிக்க மரமாகிய பல்சா. அது கிடையாதவிடத்து மெல்லிய நுரைத்தகடும் சீவிய மூங்கிலும் கைகொடுக்கும். பட்டம் கட்டும் ஊர்களில் மூங்கிலைச் சீவி, இருபுறமும் சம எடை பார்க்கும் கைத்திறன் முன்னரே உண்டு. முச்சை ஒரு விரற்கடை பிசகினாற் பட்டம் குத்துமென்று அறிந்த பிள்ளைக்கு, விமானத்தின் புவியீர்ப்பு மையத்தை நெடிது விளக்க வேண்டியதில்லை. சிறகின் முன்விளிம்பிலிருந்து அகலத்தின் காற்பங்கு தள்ளி அம்மையம் அமைதல் வேண்டும். மூல விமானத்தின் மூக்கிலே நீண்ட கனமான எந்திரம் இருந்தது. மாதிரியிலோ இலேசான மின் இயந்திரமே உள்ளது. ஆகையால் மின்கலத்தை மூக்கினுள் இயன்றவரை முன்தள்ளுதல் வேண்டும். வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் மூன்று நான்கு கிராம் ஈயம் கேட்கும். பசையை வாரிப் பூசுவோர் இதனை மறவாதிருப்பாராக.

இயக்கும் முறையைச் சுருங்கச் சொல்லலாம். கையிலுள்ள செலுத்தி 2.4 கிகாஹேட்ஸ் அலையில் கட்டளை அனுப்பும். சேர்வோவை எட்டும் மின்துடிப்பின் நீளம் ஒரு மில்லிசெக்கனுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்டது. ஒன்றரை எனில் சுக்கான் நடுவில் நிற்கும், கூடினாலும் குறைந்தாலும் ஒவ்வொரு பக்கம் திரும்பும். அலை அறுந்தால் இயந்திரம் தானே நிற்குமாறு முன்கூட்டி அமைத்தல் கட்டாயம். பறத்தலில் மிகக் கடினமானது வேறொன்று: விமானம் ஓட்டுபவனை நோக்கி வருகையில் வலமும் இடமும் மாறித் தோன்றும். பழகாத கை அதைத் திருத்தப் போய்க் கவிழ்த்துவிடும்.

இப்போது எத்தாளையின் காற்று. ஒருபுறம் பெருங்கடல், மறுபுறம் புத்தளக் களப்பு. இடையே தென்னையும் மணலும். இக்கரையின் காற்றை நம்பியே 2010இல் மாம்புரியிற் காற்றாலைகள் எழுந்தன. கற்பிட்டிக்குக் காற்றுப்பாய் விளையாட வெளிநாட்டார் வருவதும் அதனாலேயே. விமானமும் இப்பகுதிக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் புத்தளத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளம் இருந்தது. சேற்றில் புதைந்த போர் விமானங்களை அங்கே யானைகள் இழுத்தன. ஆனால் அவை பெரிய விமானங்கள். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகக் காற்று, மூன்றிலொரு வேகத்தில் பறக்கும் சிறு விமானத்துக்கு 90 கிலோமீற்றர்ச் சூறைக்கு ஒப்பாகும். ஆகவே மே முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று உரத்து வீசும் மாதங்களில், பட்டறை வேலையே தகும். பறப்பதற்கு ஏற்றவை மார்ச்சும் ஏப்பிரலும். அவற்றிலும் கடற்காற்று எழுமுன் விடியற்காலை. தென்னந்தோப்பின் மறைவு அமைதியாகத் தோன்றும். அங்கேதான் காற்றுச் சுழன்றடிக்கும். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகளை முன்னரே கேட்டறிந்து, ஆளில்லாத வெளிமணலிற் பறக்கவிடுதலே முறை.

முதற் பறப்பு ஐந்து நிமிடத்தைக் கடக்க வேண்டியதில்லை. காற்றை எதிர்கொண்டே எழவேண்டும். காற்றை எதிர்கொண்டே இறங்கவேண்டும். இறங்கியவுடன் மின்கலத்தைக் கழற்றிவிட்டு, நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, இயந்திரத்துள் மணல் புகுந்துள்ளதா என விரலாற் சுற்றிப் பார்த்தபின்பே இரண்டாம் முறை ஏற்றல் வேண்டும்.