பிரிந்த ஜீவன்கள் வீடு திரும்ப



வெள்ளமும் புயலும் பூகம்பமும் வந்து போன பிறகு, மாண்ட மனிதர்களையும் இடிந்த வீடுகளையும் அழிந்த பயிரையும் கணக்கெடுக்கிறோம். அந்த வீடுகளின் திண்ணையில் படுத்திருந்த நாயும், அடுப்பங்கரையைச் சுற்றிவந்த பூனையும் என்ன ஆயின என்று கேட்பார் அரிது. அப்படித் தொலைந்த பிராணி என்றோ ஒரு நாள் எஜமானரிடம் வந்து சேர்ந்துவிட்டால், அதைத் தெய்வச் செயல் என்று வியந்து நின்றுவிடுகிறோம். வியப்பதோடு நின்றுவிடலாகாது, மனிதர் முன்கூட்டிச் செய்யும் ஏற்பாட்டினால் அத்தகைய சந்திப்புகளைப் பெருக்க முடியும் என்பதையே இன்று உங்கள் முன் விண்ணப்பித்துக்கொள்ள வந்திருக்கிறேன்.

2011-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி ஜப்பான் தேசத்தின் வடகிழக்குக் கரையை ஆழிப்பேரலை வாரிக்கொண்டு போயிற்று. மூன்று வாரங்கள் கழிந்து, ஏப்ரல் 1-ஆம் தேதியன்று, கெசென்னுமா நகரத்துக்கு அப்பால், ஏறக்குறைய 2 கிலோமீட்டர் தொலைவில் கடலில் மிதந்துகொண்டிருந்த ஒரு வீட்டுக் கூரையின்மேல் நாய் ஒன்று நடமாடுவதைக் கடலோரக் காவல்படையினர் ஹெலிகாப்டரிலிருந்து கண்டார்கள். ஹெலிகாப்டரின் இரைச்சலில் மிரண்டு இடிபாடுகளுக்குள் ஓடி ஒளிந்த அதனை, பிறகு படகில் சென்றவர்கள் பொறுமையோடு மீட்டுக் கரை சேர்த்தார்கள். தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைப் பார்த்த ஒரு பெண்மணி அது தம்முடைய ‘பான்’ என்று அடையாளம் கண்டு, ஏப்ரல் 4-ஆம் தேதி பிராணிகள் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் உருவம் தெரிந்த மாத்திரத்தில் அந்த நாய் வாலை ஆட்டிக்கொண்டு அவர்மேல் பாய்ந்த காட்சி உலகெங்கும் பார்த்தவர் கண்களை ஈரமாக்கியது.

அந்த நாய் காமிராவின் பார்வையில் பட்டது. அதன் எஜமானியும் அந்த நேரத்தில் அச்செய்தியைப் பார்த்தார். இந்த இரண்டு தற்செயல்களும் கூடிவராத ஆயிரமாயிரம் ஜீவன்களின் கதி என்ன என்பதை அறிய, அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னால் அமெரிக்காவில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

2005-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் தேதி கரையைக் கடந்த கத்ரீனா புயலினால் வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து, நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கிற்று. மீட்க வந்த படகுகளிலும் பேருந்துகளிலும், நிவாரண முகாம்களிலும் பிராணிகளுக்கு இடமில்லை என்பதே பெரும்பாலும் அன்றைய விதி. சூப்பர்டோம் விளையாட்டரங்கில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களைப் பேருந்தில் ஏற்றும்போது, ஒரு சிறுவன் கையிலிருந்த சிறு நாயைக் காவலர் வாங்கிக்கொள்ள, அவன் ‘ஸ்நோபால், ஸ்நோபால்’ என்று அதன் பெயரைச் சொல்லிக் கதறிக் கதறி வாந்தியெடுத்த செய்தி அந்தத் தேசத்தையே உலுக்கியது.

ஊரை விட்டு வெளியேற மறுத்தவர்களில் 44 சதவிகிதத்தினர், தாம் வளர்த்த பிராணிகளைக் கைவிட மனமில்லாததும் ஒரு காரணம் என்று பின்னர் நடந்த ஓர் ஆய்வில் தெரிவித்தார்கள். கூட வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று தேரின் முன்னால் நின்ற தர்மபுத்திரனின் கதையைக் கேட்டு வளர்ந்த நாம், அவர்களை அறிவிலிகள் என்று இகழ முடியுமா? பிராணியைப் புறக்கணிக்கும் விதி மனிதனின் உயிருக்கே ஆபத்தாக முடிகிறது என்பதல்லவா இதனால் விளங்கும் உண்மை?

பிற்பாடு தொண்டர்கள் வீடு வீடாகப் புகுந்து மீட்ட பிராணிகள் பல்லாயிரம். அவற்றுள் சொந்தக்காரரிடம் திரும்பியவை ஐந்தில் ஒரு பங்குகூட இராது என்று மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலானவற்றிடம் அடையாளம் ஏதும் இல்லை. பிராணிகள் ஒரு மாநிலத்திலும், எஜமானர்கள் வேறொரு மாநிலத்திலுமாகச் சிதறிப் போனார்கள். தூரத்து ஊர்களில் தத்துக் கொடுக்கப்பட்ட நாய்களுக்காகப் பழைய எஜமானரும் புதிய எஜமானரும் நீதிமன்றம் ஏறிய வழக்குகளும் உண்டு.

இந்தத் துயரத்திலிருந்து அந்தத் தேசம் பாடம் கற்றது. மத்திய சர்க்காரின் பேரிடர் உதவியை நாடும் மாநிலங்களும் நகரங்களும் தங்கள் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளுக்கும் வழி செய்ய வேண்டும் என்ற சட்டம் 2006-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அங்கே பிறந்தது. ஜப்பானிய சர்க்காரும், மக்கள் வெளியேறும்போது பிராணிகளையும் உடன் அழைத்துச் செல்வதே முறை என்று 2013-ஆம் ஆண்டில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது; கடையில் விற்கப்படும் நாய்க்கும் பூனைக்கும் மைக்ரோசிப் கட்டாயம் என்ற விதியை 2022-ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

மைக்ரோசிப் என்பது அரிசி மணியளவே உள்ள ஒரு சிறு கருவி. கால்நடை மருத்துவர் அதனை ஊசியின் மூலம் தோள்களுக்கு நடுவே தோலின் கீழ் செலுத்திவிடுகிறார். பிராணி இருக்கும் இடத்தை அது காட்டாது. ஸ்கேனரை அருகில் பிடித்தால் 15 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் உங்கள் இன்றைய முகவரியும் தொலைபேசி எண்ணும் இருந்தால்தான் பிராணி வீடு திரும்பும். பழைய தொலைபேசி எண் இருந்தால் அத்தனையும் வீணே.

அன்பர்களே, 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும், 2015-ஆம் ஆண்டின் சென்னை வெள்ளத்தையும், 2018-ஆம் ஆண்டின் கஜா புயலையும் கண்ட கரையில் வாழ்கிறோம். அடுத்த ஐப்பசி, கார்த்திகைக்கு முன்பே நாம் செய்து முடிக்க வேண்டியவை சில உண்டு. உங்கள் நாயின் கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதுங்கள். இயன்றவர்கள் மைக்ரோசிப் பொருத்துங்கள். நீங்களும் அதுவும் சேர்ந்திருக்கும் ஒரு புகைப்படத்தையும், வெறிநோய்த் தடுப்பூசிச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். வெளியேறும்போது உடன் அழைத்துச் செல்லுங்கள்; சற்றும் இயலாதபோது, நாயானாலும் மாடானாலும் கட்டை அவிழ்த்துவிட்டுச் செல்லுங்கள், கட்டுண்ட ஜீவனுக்கு நீந்தவும் வழியில்லை. வழிதவறிய பிராணியைக் கண்டெடுப்பவர்கள், எந்தத் தெருவில் எந்த நாளில் எடுத்தோம் என்று குறித்து வைத்து, தேடிவருவோருக்கு அவகாசம் கொடுங்கள்.

ஒவ்வொரு நிவாரண முகாமின் பக்கத்திலும் பிராணிகளுக்கென ஒரு கொட்டகையும், பெயர் பதிய ஒரு நோட்டுப் புத்தகமும், ஒரு ஸ்கேனரும் வைக்க வேண்டும் என்று நம் நகராட்சியை இந்தச் சபையின் சார்பில் ஒரு தீர்மானத்தின் மூலம் கேட்டுக்கொள்ள வேண்டுமென்று முன்மொழிகிறேன். செலவு சொற்பம், பலன் மனிதருக்கும் மற்ற ஜீவன்களுக்கும் பொது. தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றித் தருமாறு உங்களை வேண்டிக்கொள்கிறேன்.