ஆய்வு மாணவர்களின் மனநலமும் மாணவர் இயக்கத்தின் கடமையும்

(ஆய்வு மாணவர்களிடையே பணியாற்றும் கட்சி உறுப்பினர்களுக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பல்கலைக்கழகங்களில் இப்போது மனநலப் பயிலரங்குகள் பெருகி வருகின்றன. ஒரு பிற்பகல், வெளியிலிருந்து அழைக்கப்பட்ட ஒரு பேச்சாளர், கொஞ்சம் மூச்சுப் பயிற்சி, நேரத்தைத் திட்டமிடுவது பற்றி ஓர் உரை, முடிவில் தேநீரும் சான்றிதழும். நிழற்படம் ஆண்டறிக்கையில் சேர்ந்துவிடுகிறது. மறுநாள் காலை அந்த ஆய்வு மாணவர் அதே ஆய்வகத்திற்கு, அதே நெறியாளரிடம், மாதக்கணக்கில் வராத உதவித்தொகையைப் பற்றிக் கேட்கத் தயங்கியபடியே திரும்பிச் செல்கிறார்.

இத்தகைய பயிலரங்கை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் இடதுசாரி வட்டாரங்களிலும் ஒரு பிழை நெடுங்காலமாக இருந்து வருகிறது. மனச்சோர்வைக் குட்டி முதலாளித்துவ பலவீனம் என்று ஒதுக்கும் போக்கு அது. கூட்டத்திற்கு வராத தோழரிடம் விளக்கம் கேட்கப்படுகிறது; அவர் மூன்று வாரமாக உறங்கவில்லை என்பது கேட்கப்படுவதில்லை. நிர்வாகம் துன்பத்தைத் தனிமனிதரின் குறையாக்குகிறது என்றால், இந்தப் போக்கும் வேறொரு வழியில் அதையே செய்கிறது.

நிலைமையின் அளவைப் பார்க்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டனர். மத்திய அரசின் நிதியில் இயங்கும் உயர்கல்வி நிறுவனங்களில் 2014 முதல் 2021 வரை 122 மாணவர்கள் இவ்வாறு உயிரிழந்ததாக 2021 டிசம்பரில் மக்களவையில் ஒன்றிய அமைச்சரே எழுத்துமூலம் பதிலளித்தார். அவர்களில் 24 பேர் பட்டியல் சாதியினர், 3 பேர் பழங்குடியினர், 41 பேர் இதர பிற்படுத்தப்பட்டோர், 3 பேர் சிறுபான்மையினர். பாதிக்கும் மேற்பட்டோர் எங்கிருந்து வந்தவர்கள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

சேலம் மாவட்டத்திலிருந்து ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்திற்கு இயற்பியல் ஆய்வுக்குச் சென்ற செந்தில்குமார் 2008இல் அங்கேயே உயிரிழந்தார். அதே வளாகத்தில் 2016 ஜனவரி 17 அன்று ரோகித் வெமுலா மறைந்தார். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, சக தலித் மாணவர்களுடன் திறந்தவெளிக் கூடாரத்தில் தங்கியிருந்தவர் அவர். உதவித்தொகையும் மாதக்கணக்கில் வந்து சேரவில்லை. இவர்களுக்கு மூச்சுப் பயிற்சி தெரியாமல் போனதுதான் குறையா?

ஆய்வு மாணவர் மாணவரா, தொழிலாளியா என்ற கேள்விக்கு நிர்வாகம் வசதிக்கேற்பப் பதிலளிக்கிறது. வேலை வாங்கும்போது தொழிலாளி. விடுப்பும் ஊதியமும் கேட்கும்போது மாணவர். தேசியத் தகுதித் தேர்வில் வென்று இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், முதுநிலையில் 42,000 ரூபாய். அத்தேர்வு வழியாக வராதவர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் வழங்கப்படும் 8,000 ரூபாய் பத்தாண்டுகளுக்கும் மேலாக அசையவில்லை. அதையும் 2015இல் நிறுத்தப் பார்த்தார்கள். தில்லியில் பல்கலைக்கழக மானியக் குழு அலுவலகத்தின் முன் மாணவர்கள் குளிரில் அமர்ந்து போராடித்தான் காத்தார்கள். சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022இல் நிறுத்தப்பட்டது. ஆய்வுக்கான உச்ச வரம்பு ஆறு ஆண்டுகள், உதவித்தொகையோ ஐந்து ஆண்டுகளோடு முடிகிறது. கடைசி ஆண்டு வாடகையை யார் கொடுப்பது?

இவற்றோடு நெறியாளரின் அதிகாரம் சேர்கிறது. உதவித்தொகைப் படிவம், விடுப்பு, கால நீட்டிப்பு, பரிந்துரைக் கடிதம் எல்லாமே ஒரே கையெழுத்தில் தொங்குகின்றன. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் முனைவர் பட்ட மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வு, மூவரில் ஒருவர் மனநலச் சிக்கலுக்கு ஆளாகும் நிலையில் இருப்பதாகக் கண்டது. பணிச்சுமை, வேலையின்மீது தனக்குள்ள கட்டுப்பாடு, நெறியாளரின் போக்கு ஆகியவற்றோடு அதற்குத் தொடர்பிருப்பதையும் அது காட்டியது. செல்வச் செழிப்புள்ள நாட்டிலேயே இதுதான் நிலை.

சட்டத்தின் பக்கம் சில பிடிமானங்கள் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அரசு நிதியில் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்றும் அது கூறுகிறது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில் இன்னொரு வழக்கில், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என உத்தரவிட்டது. அந்த ஆலோசகர் நிரந்தரப் பணியாளரா, ஒப்பந்தக்காரரா? மாணவர் சொன்னதைத் துறைத்தலைவரிடம் சொல்ல நிர்ப்பந்திக்கப்படுவாரா? மாணவரின் தாய்மொழி அவருக்குத் தெரியுமா? தமிழிலும் போஜ்புரியிலும் அழுபவரை ஆங்கிலத்தில் விளக்கச் சொல்வது ஆலோசனை ஆகாது. மாணவர் அமைப்பு போராட வேண்டிய நுணுக்கங்கள் இவையே.

அடுத்து, சக மாணவர் ஆதரவுக் குழுக்கள். பயிற்சி பெற்ற சாதாரண மக்கள் மனச்சோர்வுக்குப் பயனுள்ள உதவி அளிக்க முடியும் என்பதைக் கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஆய்வுகள் மெய்ப்பித்துள்ளன. ஆனால் அங்கே பயிற்சி இருந்தது, நிபுணரின் தொடர்ந்த மேற்பார்வையும் இருந்தது. நல்லெண்ணம் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை எட்டுப் பத்துப் பேர் அமர்ந்து பேசும் குழு மருத்துவத்திற்கு மாற்று ஆகாது. மருத்துவரிடம் செல்வதற்கான துணிவையும் துணையையும் தரலாம்.

இங்கே கட்சித் தோழர்கள் மிகுந்த எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். ஆதரவுக் குழு ஆள் சேர்க்கும் களமல்ல. அழுதுகொண்டிருப்பவரிடம் சந்தா நோட்டை நீட்டுவது அரசியல் பணியாகாது. குழுவில் பேசப்பட்டது கிளைக் கூட்டத்தின் அறிக்கையில் இடம்பெறக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் மட்டுமே இந்த விதி தளரும், அதையும் முதல் நாளிலேயே அனைவரிடமும் சொல்லிவிட வேண்டும். கிளைச் செயலாளர் தம் கிளை உறுப்பினருக்கே குழுவில் செவிகொடுப்பவராக அமர்வதும் சரியன்று. சாதி அவமதிப்பைப் பற்றிப் பேச, அதைச் செய்தவரின் நண்பர்கள் இல்லாத அறை வேண்டும். தலித், பழங்குடி மாணவர்கள் தனியாகக் கூட விரும்பினால் அதைப் பிளவு என்று பார்ப்பது தவறு. கேட்பவர் முதலில் கேட்க வேண்டும். "போராடுவோம்" என்பது சரியான சொல்தான். நள்ளிரவில் கதவைத் தட்டிய தோழருக்கு அது முதல் சொல்லாக இருக்க வேண்டியதில்லை. அவர் சாப்பிட்டாரா என்று கேட்கலாம். உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்றும் நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அத்தகைய நேரத்தில் அவரைத் தனியே விடாமல், 14416 என்ற அரசின் டெலி மானஸ் உதவி எண்ணை அழைக்க வேண்டும். அது கட்டணமற்றது, இரவு பகலாக இயங்குவது, தமிழிலும் பேசலாம்.

குழுவில் மூன்று பேர் வெவ்வேறு நாளில் ஒரே நெறியாளரைப் பற்றிச் சொன்னால், அல்லது ஒரே துறையின் நிலுவையைப் பற்றிச் சொன்னால், அது தனிமனிதத் துயரம் அன்று. அவர்களின் ஒப்புதலோடு, பெயர்களை நீக்கி, அதைக் கோரிக்கையாக மாற்றுவது மாணவர் சங்கத்தின் வேலை. குழு ஆறுதல் தரும், சங்கம் மனுவை எழுதும். இரண்டையும் ஒரே ஆள் ஒரே மேசையில் செய்யக் கூடாது.

உடனடியாகச் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஒவ்வொரு வளாகத்திலும் துறைவாரியாக உதவித்தொகை நிலுவைப் பட்டியல் தயாராக வேண்டும். நெறியாளரை மாற்றிக்கொள்ளும் வழிமுறை எழுத்தில் உள்ளதா என்று பதிவாளரிடம் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்க வேண்டும். ஆலோசகரின் பணி நிபந்தனைகளையும் அதே மனுவில் கேட்டுவிடலாம். பதில் வர முப்பது நாள் ஆகும். அதற்குள் கூட்டங்களுக்கு வராமல் போன தோழர்களின் அறைகளுக்கு ஒருமுறை சென்று வர வேண்டும். விளக்கக் கடிதம் கேட்பதற்காக அல்ல.