வைத்தியர் கேட்ட கேள்வி

(வானொலி மறையுரை. பொதுக்காலம் 27-ஆம் வாரம், திங்கள். நற்செய்தி: லூக்கா 10:25-37)



இன்றைய நற்செய்திப் பகுதியை நல்ல சமாரியர் உவமை என்றுதான் நாம் எல்லாரும் அறிந்திருக்கிறோம். ஆனால் அந்த உவமைக்கு முன்னால் ஒரு சிறிய தேர்வு நடக்கிறது. உவமையின் அழகில் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறோம். திருச்சட்ட அறிஞர் ஒருவர் இயேசுவைச் சோதிக்கும் நோக்கத்தோடு எழுந்து, நிலைவாழ்வைப் பெற என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். தேர்வு வைக்க வந்தவர் அவர். ஆண்டவரோ வினாத்தாளை அவர் பக்கமே திருப்பி வைத்துவிடுகிறார். திருச்சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்தாமல், அதை நீர் எப்படி வாசிக்கிறீர் என்ற பொருளில் இன்னொரு கேள்வியும் கேட்கிறார். கிரேக்க மூலத்தில் அங்கே இருக்கும் சொல் 'எப்படி' என்பதுதான்.

அறிஞர் சொன்ன விடை சாதாரண விடை அல்ல. இணைச்சட்ட நூலின் 6-ஆம் அதிகாரத்திலிருந்து இறையன்பை எடுத்தார். லேவியர் நூலின் 19-ஆம் அதிகாரத்திலிருந்து பிறரன்பை எடுத்தார். இரண்டு வெவ்வேறு இடங்களில் இருப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றாக வாசித்தார். நல்ல வாசகர். விடை சரி என்று ஆண்டவரே சொல்லிவிட்டார். முழு மதிப்பெண். அதோடு அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. தம்மை நேர்மையாளராகக் காட்டிக்கொள்ள விரும்பி மறுபடியும் ஒரு கேள்வி கேட்டார் என்று லூக்கா எழுதுகிறார். விடை சரி என்று தெரிந்த பிறகும் மனம் அடங்கவில்லை. தேர்வு எழுதிய பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்த அடங்காமையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

அடுத்த உலக இளையோர் நாள் 2027 ஆகஸ்டில் தென்கொரியாவின் சோல் நகரில் நடைபெற இருப்பதால், நம் இளையோர் குழுக்களில் அந்த நாட்டைப் பற்றிய பேச்சு இப்போதே அடிபடுகிறது. (தொடர் நாடகங்கள் பார்த்துப் பார்த்து அவர்களுக்கு அந்த ஊர்த் தெருக்கள்கூடத் தெரிந்திருக்கின்றன.) அந்த நாடகங்களில் அடிக்கடி வரும் ஒரு நாள் உண்டு. நவம்பர் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, கல்லூரியில் சேர விரும்பும் பிள்ளைகள் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் எழுதும் தேர்வு. சுனுங் என்று அதற்குப் பெயர். அன்று அலுவலகங்கள் தாமதமாகத் திறக்கும். நேரமாகிவிட்ட பிள்ளையைப் போலீஸ்காரர் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். ஆங்கிலக் கேட்டல் தேர்வு நடக்கும் 35 நிமிடம் நாட்டில் விமானம் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. விடை நன்றாக ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று பிசுபிசுப்பான மிட்டாய் கொடுப்பார்கள். கடற்பாசிச் சூப்பு வழுக்கும் என்பதால் அன்று அது கிடையாது. தேர்வுக்கு நூறு நாள் முன்பிருந்தே கோவில்களில் தாய்மார்கள் செபிக்கத் தொடங்குவார்கள். தேர்வு அன்று, உள்ளே எந்தத் தாள் நடக்கிறதோ அந்த நேரத்துக்கு ஏற்றபடியே செபிக்கும் ஆலயங்களும் உண்டு. அந்தத் தாய்மாரின் முழங்கால்களை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

காலையில் முதல் தாள் வாசிப்புத் தேர்வு. 80 நிமிடத்தில் 45 கேள்விகள். ஒரு கவிதை, ஒரு கதை, சட்டம் பற்றியோ அறிவியல் பற்றியோ ஒரு நீண்ட பத்தி. கீழே ஐந்து விடைகள், ஒன்றுதான் சரி. பிள்ளைகள் தாங்கள் தேர்ந்தெடுத்த எண்களை நுழைவுச்சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் குறித்து எடுத்து வருவார்கள். மாலையில் வெளியாகும் விடைகளோடு ஒப்பிட்டுத் தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே போட்டுப் பார்க்க வேண்டுமே! குறித்துக்கொள்ள நேரம் கிடைக்காதவர்கள் நினைவிலிருந்து சொல்வார்கள். அங்கேதான் சிக்கல். தோழன் ஒருவன் உறுதியாக 'மூன்று' என்று சொன்னால், நாமும் மூன்றுதான் போட்டோம் என்று நினைவு சொல்லும். இன்னும் இருவர் 'ஐந்து' என்றால் அதே நினைவு ஐந்து என்று சொல்லும். நினைவு பயந்த சாட்சி. யார் குரல் ஓங்குகிறதோ அவர் பக்கம் சாய்ந்துவிடும்.

2003 நவம்பரில் நடந்த தேர்வில் இப்படிப்பட்ட ஒரு கேள்வி அந்த நாட்டையே உலுக்கியது. வாசிப்புத் தாளில் 17-ஆவது கேள்வி. பெக் சொக் என்ற கவிஞரின் 'சொந்த ஊர்' என்ற கவிதையைக் கொடுத்திருந்தார்கள். வடக்கே ஜோங்ஜு என்ற ஊரில் 1912-இல் பிறந்தவர் அவர். நாடு பிளவுபட்டபோது வடக்கிலேயே தங்கிவிட்டதால் பல ஆண்டுகள் அவர் எழுத்துக்குத் தெற்கில் தடை இருந்தது. கவிதையின் கதை எளிமையானது. தூர ஊரில் தனியே நோயாய்க் கிடக்கிறான் ஒருவன். வைத்தியர் வருகிறார். தாடி வைத்த, சாந்தமான முகமுள்ள முதியவர். வெகுநேரம் பேசாமல் நாடி பிடித்துப் பார்க்கிறார். பிறகு திடீரென்று, தம்பிக்கு எந்த ஊர் என்று கேட்கிறார். ஊரைச் சொல்கிறான். அப்படியானால் அது இன்னாரின் ஊர் என்கிறார் வைத்தியர். அவரைத் தெரியுமா என்று நோயாளி கேட்க, அவர் எனக்கு உற்ற நண்பர் என்று வைத்தியர் புன்னகைக்கிறார். அவரைத் தன் தந்தையைப் போல் மதிப்பதாக நோயாளி சொல்ல, வைத்தியர் மீண்டும் புன்னகைத்து, மறுபடியும் நாடியைப் பிடிக்கிறார். அந்தக் கை இதமாக இருக்கிறது. அந்தக் கையில் அவனுக்கு ஊரும் தெரிகிறது, தந்தையும் தெரிகிறார், தந்தையின் நண்பரும் தெரிகிறார்.

இதோடு கிரேக்கர்களின் பழங்கதை ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். உள்ளே போனவர் வெளியே வர முடியாத சுற்றுப்பாதை மாளிகை; நடுவே மினோட்டார் என்ற கொடிய மிருகம்; தீசியஸ் என்ற வீரனின் கையில் நூலைக் கொடுத்து அனுப்புகிறாள் அரியாட்னி. அந்தக் கதையில் வருபவற்றுள், கவிதையின் வைத்தியர் செய்யும் வேலையைச் செய்வது எது என்பதுதான் கேள்வி. தேர்வு வைத்தவர்கள் முதலில் அறிவித்த விடை, மாளிகையின் வாசல். ஏராளமானவர்கள் 'நூல்' என்று எழுதியிருந்தார்கள். பேராசிரியர்களும் சேர்ந்து விவாதித்தார்கள். சில வாரங்களுக்குள் இரண்டுமே சரி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்தத் தேர்வின் வரலாற்றில் ஒரு கேள்விக்கு இரண்டு விடைகள் ஏற்கப்பட்டது அதுவே முதல் முறை.

என்னைக் கேட்டால், வைத்தியர் நூல்தான். வாசல் இருந்த இடத்திலேயே இருக்கும். தேடி நாம்தான் போக வேண்டும். நூல் உள்ளேயே வரும், இருட்டில் கைக்குள் இருக்கும். நம் தமிழில் நூல் என்றால் இழையும்தான், புத்தகமும்தான் என்பதை எண்ணிப் பார்க்கவும் எனக்குப் பிடிக்கிறது. ஆனால் நூலின் ஒரு முனையை வாசலில் கட்டாமல் அதனால் பயன் என்ன என்று ஒருவர் கேட்டால் மறுக்க மாட்டேன்.

என் மனத்தில் தைப்பது வேறு. அன்று மாலை நாடெங்கும் பிள்ளைகள் அந்த வைத்தியரைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள். வாசலா, நூலா? நீ என்ன போட்டாய்? அந்தப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் கவிதையில் வருகிறவனைப் போலவே உள்ளுக்குள் நொந்து கிடந்திருப்பார்கள். அவர்கள் கையைப் பிடித்து நாடி பார்க்க யாராவது வந்தார்களா?

கொரியாவை விடுங்கள். நீட் தேர்வு முடிந்த அன்று நம் பங்குகளில் நடப்பதும் இதுதான். வாசிப்புத் தேர்வு அல்ல அது. ஆனாலும் அந்த மாலைப்பொழுது ஒன்றேதான். பிள்ளை வினாத்தாளோடு வீட்டுக்குள் நுழையும். செருப்பைக் கழற்றும் முன்பே 'எத்தனை சரி வரும்?' என்ற கேள்வி. பயிற்சி மையங்களின் விடைப்பட்டியல் கைப்பேசியில் வந்திருக்கும். சரிக்கு நான்கு கூட்டு, தவறுக்கு ஒன்று கழி. வளைகுடாவில் இருக்கும் அப்பா அழைப்பார். சித்தப்பா அழைப்பார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எவ்வளவு வருகிறதாம் என்று விசாரணை நடக்கும். எழுதிய எதையும் இனி மாற்ற முடியாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். 2017 முதல் இந்தத் தேர்வை ஒட்டி உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளை நம் மாநிலம் அறியும். அந்தப் பெற்றோரில் யாரையும் நான் குற்றம் சொல்லவில்லை. அவர்கள் படும் வேதனையோடு இன்னும் ஒன்றைச் சேர்ப்பது பாவம். நான் கேட்பது ஒன்றுதான். அன்று ஒரு மாலை மட்டும் விடைப்பட்டியலைத் திறக்காதீர்கள். அது எங்கும் ஓடிவிடாது, நாளைக்கும் இருக்கும். பிள்ளைக்குச் சோறு போடுங்கள். பேசினால் கேளுங்கள். பேசாமல் சுருண்டு கிடந்தால் பக்கத்தில் உட்காருங்கள். இரண்டு மூன்று நாளாகியும் உண்ணாமல் உறங்காமல் இருந்தால், வாழ்வதில் அர்த்தம் இல்லை என்பது போல ஒரு வார்த்தை சொன்னால், வெட்கப்பட வேண்டாம். 104 அல்லது 14416 என்ற எண்ணை அழையுங்கள். இலவச ஆலோசனை கிடைக்கும். பங்குத்தந்தையின் கதவையும் தட்டுங்கள், எந்த நேரமானாலும்.

நற்செய்திக்கு வருவோம். உவமையைச் சொல்லி முடித்ததும் ஆண்டவர் அறிஞரிடம் மறுபடியும் ஒரு கேள்வி வைக்கிறார், மூன்று விடைகளோடு. குருவா, லேவியரா, சமாரியரா, இவர்களில் யார் அடிபட்டவனுக்கு அயலாராய் இருந்தவர்? நன்றாகக் கவனித்தால், அறிஞர் அந்த மூன்றில் எதையும் அப்படியே சொல்லவில்லை. 'சமாரியர்' என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. ஒரு யூத அறிஞரின் நாவுக்கு அது கசந்திருக்கும். இரக்கம் காட்டியவர் என்றுதான் சொன்னார். கொடுத்த விடைகளுக்கு வெளியே போய் ஒரு விடை எழுதினார். எந்தத் தேர்விலும் அதற்குச் சுழியம்தான் கிடைக்கும். ஆண்டவர் அதையும் ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டு, போய் அப்படியே செய்யும்படி சொல்லி அனுப்பினார்.

எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் சாலையில் குருவும் லேவியரும் அறியாதவர்கள் அல்லர். அறிஞர் எடுத்துச் சொன்ன அந்த இரண்டு பகுதிகளையும் அவர்களிடம் கேட்டிருந்தால் பிழையில்லாமல் சொல்லியிருப்பார்கள். குருவானவர் என்ற முறையில் அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடும். சமாரியர் கிட்டே போனார், காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தார், கட்டுப் போட்டார், தம் விலங்கின் மேல் ஏற்றினார், சாவடியில் அன்று இரவு கூடவே இருந்தார். மறுநாள்தான் பணத்தைப் பற்றிய பேச்சு வருகிறது, இரண்டு தெனாரியம். முதல் நாள் முழுக்கக் கையின் வேலைதான்.

அந்தத் திருச்சட்ட அறிஞர் பிறகு போனாரா, செய்தாரா என்று லூக்கா எழுதவில்லை.

இன்னும் சில வாரங்களில் கொரியாவில் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளுக்காகவும், நம் பங்கில் அடுத்த ஆண்டுத் தேர்வுகளுக்காக இரவு கண்விழித்துப் படிக்கும் பிள்ளைகளுக்காகவும், அவர்கள் வீடு திரும்பும்போது கதவைத் திறக்கப்போகிறவர்களுக்காகவும் இன்று ஒரு 'அருள்மிகப் பெற்ற மரியே' சொல்லுங்கள்.