ஒரு டொலர் உறுதி



பழைய தொழிற்சாலை நின்ற காணி, எண்ணெய்க் கிடங்கு நின்ற காணி, குப்பை கொட்டி மேடாகிய காணி ஆகியவற்றைத் துப்புரவாக்கி, கீழே கடைகளும் மேலே வீடுகளுமாகக் கட்டடங்களை எழுப்பினால் நகரம் வளரும், வீடற்றோர்க்கு வீடு கிடைக்கும் என்று சொல்லப்படுகின்றது. நாம் அதனை எதிர்ப்பவர்களல்லோம். நகரின் நடுவே நிலம் பாழாய்க் கிடக்க, ஊர்ப்புறத்து வயலையும் தோட்டத்தையும் அழித்து வீடு கட்டுவது மடமை என்பதே நமது துணிபு. ஆனால் அக்காணியின் வயிற்றுக்குள் இருப்பது என்ன, அதனை அறிந்தவன் யார், அறியாமல் வாங்கப் போகின்றவன் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்வரை அங்கே அத்திவாரக் கல் வைக்க இடங்கொடுத்தல் ஆகாது. இதனைச் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கின்றோம்.

சட்டம் பயின்றோர்க்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் காணியைப் பற்றிப் பேசினாலும், முதலில் உறுதியைக் காட்டுங்கள் என்போம். ஆகவே ஓர் உறுதியிலிருந்தே தொடங்குகின்றோம்.

ஐக்கிய அமெரிக்காவில், நியூயோர்க் மாநிலத்து நயாகரா போல்ஸ் நகரிலே, 1890களில் வில்லியம் லவ் என்பவர் ஒரு மாதிரி நகரம் அமைக்க எண்ணிக் கால்வாய் ஒன்றை வெட்டத் தொடங்கினார். பணம் முடைப்பட்டது. நகரமும் எழவில்லை, கால்வாயும் முடியவில்லை. எஞ்சியது ஏறக்குறைய ஒரு மைல் நீளமான பள்ளம். லவ் கனால் என்ற பெயர் மட்டும் நிலைத்தது. 1942 முதல் 1953 வரை ஹூக்கர் என்னும் இரசாயனக் கம்பனி அப்பள்ளத்தில் 20,000 தொன்னுக்கு மேற்பட்ட இரசாயனக் கழிவுகளைக் கொட்டிக் களிமண்ணால் மூடியது. 1953 ஏப்பிரலில் அந்நிலம் அந்நகரத்துக் கல்விச் சபைக்கு உறுதி எழுதிக் கொடுக்கப்பட்டது. விலை ஒரு டொலர்.

அந்த உறுதியில் ஒரு வாசகம் உண்டு. இரசாயனக் கழிவுகளால் இந்நிலம் நிரப்பப்பட்டிருக்கின்றது என்று வாங்குவோருக்கு அறிவிக்கப்பட்டது, இனி நேரும் உயிர்ச்சேதத்துக்கும் பொருட்சேதத்துக்கும் கம்பனி பொறுப்பன்று என்பது அதன் சாரம். கம்பனியின் தரப்பையும் சொல்லுதல் நியாயம். காணியைத் தராவிடின் கட்டாயமாக எடுத்துக்கொள்வார்கள் என்று அஞ்சியே கொடுத்ததாக அது பின்னர் வாதாடியது. 1957இல், எஞ்சிய நிலத்தைச் சபை வீடு கட்டுவோருக்கு விற்க முனைந்தபோது, கம்பனியின் சட்டத்தரணி நேரில் வந்து வேண்டாமென்று தடுத்ததும் உண்மை. எனவே அறிந்திருந்தவர்கள் இரு சாரார்: விற்ற கம்பனியும் வாங்கிய சபையும். அறியாதிருந்தவர்கள் சுற்றுப்புறத்து மனைகளை வாங்கிக் குடியேறிய தொழிலாளர் குடும்பங்கள். முதல் உறுதியில் இருந்த அந்த எச்சரிக்கை அவர்களின் கைக்கு வந்துசேரவில்லை.

1955இல் அந்நிலத்தில் பள்ளிக்கூடம் திறந்தார்கள். கழிவுநீர்க் குழாய்களுக்காகவும் வீதிகளுக்காகவும் கால்வாயின் சுவரை வெட்டினார்கள். மேலே மூடியிருந்த களிமண் கலைந்தது. மழைநீர் உள்ளே இறங்கிற்று. வெளியேற வழியின்றி, நிரம்பிய தொட்டியினின்று வழிவதுபோல நஞ்சு வீடுகளின் நிலவறைகளுக்குள் கசிந்தது. 1978 ஆகத்து 2ஆம் நாள் மாநிலச் சுகாதார ஆணையாளர் அவசரநிலையை அறிவித்தார். பள்ளியை மூடுக, கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் வெளியேறுக என்றார். இரண்டு வயதுக் குழந்தைக்கு நஞ்சானது மூன்று வயதுக் குழந்தைக்கு அமுதமாகுமா? ஐந்து நாட்களின் பின் ஜனாதிபதி ஜிம்மி காட்டரும் அவசரநிலையை அறிவித்தார். எனினும் முதலில் வெளியேற்றப்பட்டவை கால்வாயை அடுத்திருந்த 240 வரையான குடும்பங்களே. அடுத்தடுத்த தெருக்களில் இருந்தோர் மேலும் இரண்டு ஆண்டுகள் அந்நீரையும் அக்காற்றையும் நம்பி வாழ வேண்டியதாயிற்று.

அவர்களுக்காக எழுந்தவர் லொயிஸ் கிப்ஸ் என்னும் இல்லத்தரசி. சட்டம் பயின்றவரல்லர், விஞ்ஞானியுமல்லர். வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டி, எந்த வீட்டில் என்ன நோய் என்று கேட்டுக் குறித்தார். அக்குறிப்பைப் படித்தோர் சிலர், இல்லத்தரசிகளின் கணக்கு என்று தள்ளினார்கள். 1980 மேயில் அம்மக்கள் பொறுமையிழந்து, கூட்டரசின் அதிகாரிகள் இருவரை ஓர் இல்லத்தில் சில மணிநேரம் தடுத்து வைத்தார்கள். சட்டத்துறையைச் சேர்ந்த நாம் அச்செயலுக்குச் சான்றிதழ் வழங்க இயலாது. ஆயினும் இரண்டு ஆண்டு மனுக்களால் ஆகாதது அடுத்த இரண்டு நாட்களில் ஆயிற்று: காட்டர் இரண்டாம் அவசரநிலையை அறிவித்தார். ஏனைய குடும்பங்களும் வெளியேற வழி பிறந்தது.

அவ்வாண்டு டிசெம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றிற்று. நிலத்தை நஞ்சாக்கியவனே துப்புரவாக்கும் செலவைத் தாங்கவேண்டும், சட்டம் பிறக்குமுன் கொட்டியவனும் தப்ப முடியாது, இன்று உடைமையாளனாய் இருப்பவனையும் கேட்கலாம் என்பது அதன் போக்கு. ஹூக்கரை முன்னரே வாங்கியிருந்த ஒக்சிடென்டல் கம்பனி 1995இல் அமெரிக்க அரசுக்கு 129 மில்லியன் டொலர் கொடுக்க உடன்பட்டது. ஒரு டொலர் உறுதியில் எழுதிய வாசகம் அதனைத் தடுக்கவில்லை.

இனி மறுபக்கம். அச்சட்டத்தின் கடுமைக்கு அஞ்சி, வீடு கட்டுவோர் பழைய ஆலைக் காணிகளை ஏறிட்டும் பாராமல் நகர எல்லைக்கு வெளியே ஓடினர். அதனால் 2002இல், நிலத்தை முறையாக ஆராய்ந்து, தன்மேற் குற்றமின்றி வாங்கித் துப்புரவாக்க முன்வருவோருக்குப் பாதுகாப்பு அளிக்கும் திருத்தம் செய்யப்பட்டது. அவ்வழியில் நல்லனவும் நடந்தன. அட்லாண்டா நகரில் ஓர் உருக்காலை நின்ற 138 ஏக்கர் நிலத்தில், கெட்ட மண்ணின் ஒரு பகுதியை அகற்றி, மீதியை மூடி, வீடும் கடையும் அலுவலகமும் கலந்த ஒரு பகுதியை அமைத்து 2005இல் திறந்தார்கள். கட்டடங்களின் கீழே பரந்து கிடக்கும் வாகனத் தரிப்பிடமே மண்ணுக்கும் மனிதருக்கும் இடையே தடுப்பாயும் நிற்கின்றது. செய்ய மனமிருந்தால் செய்யலாம். ஆனால் அங்கே மண்ணின் குற்றத்தை யாரும் மறைக்கவில்லை. அதனை அறிந்தே திட்டம் வரைந்தார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, காணியின் மறைவான குற்றத்தை அறிந்தும் வஞ்சகமாக ஒளித்து விற்றவன், உள்ளபடியே விற்றேன் என்ற வாசகத்தின் பின்னால் ஒதுங்க முடியாது. நல்ல கொள்கை. ஆனால் அது விற்றவனுக்கும் அவனிடம் வாங்கியவனுக்கும் இடையிலானது. மூன்றாம் கைக்கும் நான்காம் கைக்கும் காணி மாறியபின், மேல்மாடியில் ஒரு வீட்டை வங்கிக் கடனில் வாங்கிய ஆசிரியர் யாரைத் தேடிப் போவார்? நமது உறுதிகளில் நான்கு எல்லைகளும் எழுதப்படுகின்றன. மண்ணிலுள்ள நஞ்சைப் பற்றி ஒரு வரி உண்டா? தேசவழமையிலே, கூட்டுக் காணியில் தன் பங்கை விற்பவன் பங்காளிக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அயலான் காணிக்குள் வரலாகாது என்பதற்காக அறிவித்தலைக் கட்டாயமாக்கிய சமூகம், நஞ்சு குழந்தையின் உடலுக்குள் போகலாகாது என்பதற்காக அதனைக் கட்டாயமாக்கத் தயங்குவானேன்?

யாழ்ப்பாணத்து மண்ணின் கீழே கிடப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகள் வழியே ஒரு வளவில் சிந்தியது மற்றொரு வளவுக் கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கிலே, 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவனே செலவைத் தாங்கவேண்டும் என்ற கொள்கையை ஏற்று, மின் உற்பத்திக் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமென்று கட்டளையிட்டது. கொள்கை நிலைநாட்டப்பட்டது பெரிது. அத்தொகை எத்தனை கிணறுகளின் தண்ணீருக்கு ஈடாகும் என்பதைச் சுன்னாகத்தாரைக் கேளுங்கள்.

ஆதலால் நாம் கேட்பது இது. தொழிற்சாலையோ எண்ணெய்க் கிடங்கோ குப்பைமேடோ இருந்த காணியில் குடியிருப்புக்கு அனுமதி கோருவோர், மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்த அறிக்கையை உள்ளூராட்சிச் சபையில் எவரும் பார்க்கத்தக்கதாய் வைக்கவேண்டும். அந்த அறிக்கையின் இலக்கம் காணிப் பதிவேட்டில் ஏறவேண்டும். பின்னர் எழுதப்படும் ஒவ்வோர் உறுதியிலும், அது பத்தாவது உறுதியாயினும், நொத்தாரிசு அதனை வாசித்துக் காட்டியே கையொப்பம் வாங்கவேண்டும். சபைகளிலுள்ள நமது உறுப்பினர்கள் இதற்கான பிரேரணையைக் கொண்டுவர வேண்டும். முதலாவது வரைவை எழுதிக் கொடுக்க நாம் ஆயத்தமாயிருக்கின்றோம். அதுவரையில், அத்தகைய காணியில் வீடு வாங்க முற்பணம் கட்ட எண்ணியிருப்போர் இக்கூட்டத்தில் இருப்பின், உறுதியின் பிரதியோடு கிணற்று நீரின் சோதனை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், பணத்தைக் கட்டுமுன் எம்மிடம் வாருங்கள்.